உத்தரவுக்கு முந்தின மத்தியானம்

கடைக் கண்ணாடியில ஒட்டச் சொல்லி சர்க்கார்ல குடுத்த காயிதம் மேசையிலேயே கெடக்கு. மைதாவக் கிண்டிப் பசை வெச்சு, பசை ஆறி, ஆறின பசை மேல ஏடும் படிஞ்சாச்சு. ஒட்டத்தான் கை வரமாட்டேங்கு. நாளைக்குக் காலையில இருந்துதான சட்டம், இன்னைக்கே ஒட்டி என்னத்தச் சாதிக்கப் போற ஹெப்சின்னு இவிய சோத்தப் பெசஞ்சுக்கிட்டே கேட்டாவ. இவியன்னா எங்க வீட்டுக்காரவிய, செல்வின்துரை, தபாலாபீசுல முப்பத்தாறு வருசம் கவுண்டர்ல உக்காந்து எந்திரிச்சவிய. நாலு மணிக்குக் கவுண்டர் மூடணும்னா நாலு மணிக்கு மூடிருவாவ, ஜன்னலுக்குள்ள கைய நீட்டிக்கிட்டு நிக்கது சொந்த மச்சினனா இருந்தாலும் கைய எடுங்கம்பாவ. மூணு அம்பத்தொம்பதுக்கு வந்தா மட்டும் முன்னப்பின்ன தெரியாதவனுக்குக் கூட எல்லாம் செஞ்சு குடுப்பாவ. அவியளுக்கு நல்லது கெட்டது எல்லாம் கடியாரத்துலதான் இருக்கு. இன்னைக்கு முடியுத வரைக்கும் கிரீம் அடிக்குத அந்தக் கேஸ் குப்பி சீனி மாதிரி, ரவை மாதிரி ஒரு சாமான், யாரு கேட்டாலும் குடுக்கலாம். நாளையில இருந்து லைசென்ஸ் காட்டணும், நோட்டுல பேரு எழுதணும், கேக்கு செய்யுத தொழில் இல்லாத ஆளுக்கு ஒண்ணு கூடக் கெடையாது. இதச் சொல்லிட்டு மோர ஊத்திக் குடிச்சிட்டு உள்ள போய்ப் படுத்துட்டாவ. கொறட்டை இங்க வரைக்கும் கேக்கு. நான் இங்ஙன ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு மணியப் பாக்கேன். ரெண்டரை. நாலு மணிக்கு ஆட்டோவுல வாரேன்னு சொல்லிருக்கா கோமதி. காலையில போன் பண்ணி, அக்கா, இருக்குத அத்தனை பெட்டியும் எனக்கு எடுத்து வைங்க, நாளையில இருந்து கெடைக்காதாம்லான்னா. சரிட்டின்னுட்டேன். யோசிக்குத முன்னால வாயில வந்துட்டு. கோக்கோ டப்பாவுக்குப் பின்னால ஆறு பெட்டி இருக்கு.

பாளையங்கோட்டையில கேக்கு சாமான் எங்க கெடைக்கும்னு கேட்டா மொதல்ல நம்ம வீட்டத்தான் கையக் காட்டுவாவ. கடைன்னா பெரிய கடை ஒண்ணும் இல்ல, வீட்டு முன்ரூமுதான். ரோட்டுல இருந்து நாலு படி, படிக்குக் கீழ செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத்தான் ஏறணும். திங்குத சாமான் இருக்க எடத்துல செருப்போட வரக்கூடாதுன்னு எனக்கு ஒரு வைராக்கியம். எங்க சர்ச்சு ஐயரம்மாவா இருந்தாலும் சரி, ஆபீசரா இருந்தாலும் சரி. இப்படிப் பதினெட்டு வருசம் உக்காந்து எனக்கு ஒரு திமிரு வந்துட்டு. வாங்குத சாமான வெச்சே வீட்டுக்குள்ள என்ன நடக்குன்னு சொல்லிருவேன். முட்டை சேக்காத கேக்குப் பவுடர் கேட்டா சைவக்கார மருமக வந்திருக்கா. மெழுகுவர்த்தி மட்டும் கேட்டா கேக்க பேக்கரியில ஆர்டர் குடுத்தாச்சு, அத நம்மட்ட சொல்ல வெக்கம். கேக்கு மேல தூவுத நீலக் கலர் பந்துச்சீனின்னா ஆம்பளப் பிள்ளைக்குப் பெறந்தநாளு. சீனி போடாத சாக்லேட் வாங்க வந்த மரியசெல்வம் டீச்சர்ட்ட, டீச்சர் உங்களுக்கு சுகர் எப்பம் வந்துச்சுன்னு நாலு பேரு நிக்கையில கேட்டு, அவ மொகம் சுண்டிப்போய், அதுல இருந்து நம்ம கடைக்கே வாரதில்ல. அப்பமும் எனக்குப் பெருமைதான். நாம சொன்னது சரியாப் போச்சுல்லான்னு ஒரு பெருமை. இத்தனை கண்டுபிடிக்குத ஹெப்சிபாளுக்கு, எட்டு மாசமா கேஸ் குப்பி வாங்குத ஒருத்தி ஒரு தடவ கூட கிரீம் வாங்கலங்கது மட்டும் கண்ணுல படல. கிரீம் இல்லாம அந்தக் குப்பிக்கு என்ன சோலி? வெரல் நீளத்துல ஸ்டீல் குப்பி, உள்ள நைட்ரஸ் ஆக்சைடு. ஸ்டீல் பாட்டில்ல கிரீம ஊத்தி, மூடியில இந்தக் குப்பியச் சொருகித் திருகினா புஸ்ஸுன்னு கேஸ் உள்ள போவும், அமுக்குனா கிரீம் நொரைச்சுப் பூவா வரும். அம்புட்டுத்தான் அதுக்கு வேலை. கிரீமு வாங்காதவ காத்தத்தான வாங்கிருக்கா.

இப்பம் கண்ணுல படலன்னு சொல்லுதேன்லா, அது நெசமா? இங்கதான் வந்து வந்து முட்டுது. போன ஆடியில மொத மொத வந்தா. ஒல்லியா, பின்னல முன்னால எடுத்துப் போட்டுக்கிட்டு, படியில செருப்ப ஒண்ணு போல அடுக்கி வெச்சிட்டு ஏறுனா. களக்காட்டுப் பிள்ளை, இங்க ஸ்கேன் சென்டர்ல டோக்கன் எழுதுத வேலை, வேலை பாக்குத பெண்ணுங்க ஹாஸ்டல்ல இருக்கேன்னா. கப்புல ஊத்திக் குடுக்க கிரீம் நொரைச்சு மூஸ் செஞ்சு போன்ல ஆர்டர் எடுத்து விக்கப் போறேன்க்கான்னா. எனக்கு ஒரே சந்தோசம். நம்ம ஊருல கையில தொழில் இருக்கணும்னு நெனைக்க பொட்டப்பிள்ளைய எத்தனை பேரு. வாரத்துக்கு ஒரு பெட்டி வாங்குனா. பொறவு ரெண்டு. கிறிஸ்மஸ் தாண்டி நாலு. ஆர்டர் பிச்சுக்கிட்டுப் போகுதாட்டின்னு கேப்பேன், ஆமாக்கான்னு சிரிப்பா. எதுக்க அன்னா இருக்க அந்த ஸ்டூல்லதான் உக்காருவா. நான் பேசுவேன், அவ கேப்பா. நான் பேசுததக் கேக்க இந்த வீட்டுல வேற யாரு இருக்கா, இவிய பேப்பருக்குள்ள தலையக் குடுத்தா விளம்பரம் வரைக்கும் படிச்சிட்டுத்தான் வெளிய வருவாவ. எம் மகன் ஜெரின் ஓசூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை பேசுவான், அதுவும் அப்பா பிரஷர் மாத்திரை போட்டாவளான்னு கேட்டுட்டு வெச்சிருவான். கோமதி ஒரு நாளு கேக்கு கொண்டாந்தா. நான் செஞ்சதுக்கா, தின்னு பாத்துச் சொல்லுங்கன்னா. வாயில வெச்ச ஒடனே மேல்நாக்குல ஒட்டுச்சு. டால்டா. டால்டாவும் சீனிப்பொடியும் போட்டு அடிச்சது, பேக்கரிக் கேக்கு, அதுக்கும் குப்பிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. எனக்கா தெரியாது? தெரிஞ்சுச்சு. பிரமாதம்டின்னு சொன்னேன். ஏன் சொன்னேன்? பிள்ளை மனசு நோவாண்டாம்னு சொன்னேன்னு இத்தனை நாளும் நெனைச்சேன். இல்ல. இது எங்க வாங்குனதுட்டின்னு கேட்டிருந்தா அடுத்த கேள்வி வந்திருக்கும், அதுக்கடுத்தது வந்திருக்கும், அவ அந்த ஸ்டூலுக்கு வராமப் போயிருப்பா. அதுக்குத்தான் கேக்கல.

கரண்டு போயிட்டு. ஃபேன் பைய நிக்கு. பங்குனி வேக்காட்டுல கரண்டும் போனா இந்த ரூமு முழுக்க வெனிலா நெடி ஏறி மண்டைய இடிக்கும். கதவத் தொறந்து போட்டா அனல் உள்ள வரும், மூடுனா நெடி. தொறந்தே வைப்போம், ஆட்டோ வந்தா தெரியணும்லா. உத்தரவப் பத்திக் கூட்டம் நடந்த ஹால்லயும் இப்படித்தான் வேக்காடு. திங்கக்கிழமை கேக்கு சாமான் விக்குத எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, சாப்பாட்டுச் சாமான் சோதிக்குத ஆபீசரம்மா பேசினா. பேசினான்னு எங்க, கோயில்ல அறிவிப்பு வாசிக்க மாதிரி ஒரே சீரா வாசிச்சா. நான் அங்க குடுத்த பஜ்ஜியப் பிச்சு எண்ணெயப் பேப்பர்ல ஒத்திக்கிட்டு இருந்தேன். சில பேரு அந்தக் கேஸ பலூன்ல அடச்சு உறிஞ்சுதாங்கன்னா. ஒரு நிமிசம் தலை பஞ்சா இருக்கும், சிரிப்பு வரும், அம்புட்டுத்தான், அடுத்தது வேணும்னு தோணும்னா. பின்னால ஒருத்தன் அப்பம் நம்ம கடையில எல்லாரும் சிரிச்சிக்கிட்டே இருக்கலாம்னு சொல்ல, நானும்தான் சிரிச்சேன். அவ நிறுத்தல. தெனமும் இழுத்தா உடம்புல இருக்க ஒரு வைட்டமின் வேலை செய்யாமப் போயிரும், நரம்பு கெடும்னா. மொதல்ல வெரல் நுனி, பொறவு பாதம். தரையில நிக்கமா மெத்தையில நிக்கமான்னு தெரியாது. செருப்பு மாறுனாத் தெரியாது, கழண்டாத் தெரியாது. டாக்டர்ட்ட போவாங்க, வெக்கத்துல இத மட்டும் சொல்லமாட்டாங்க, அவங்க முதுகெலும்பு, ஜவ்வுன்னு தேடிக்கிட்டு இருப்பாங்க. இன்னதுன்னு தெரிஞ்சு கேஸையும் நிறுத்தி வெரசா ஊசியப் போட்டா காலு திரும்ப வாய்ப்பு இருக்கு, நாளு போச்சுன்னா நடக்க முடியாமலே ஆயிரும்னா. பஜ்ஜி என் கையிலேயே இருந்துச்சு. செருப்புன்னு அவ சொன்ன எடத்துலேயே நான் கோமதிய நெனைச்சிட்டேன். கூட்டம் முடிஞ்சு எல்லாரும் மிச்ச ஸ்டாக்கப் பத்தித்தான் பேசுனாவ. வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்லா, தள்ளி விட்டுருவோம்னாவ. இன்னைக்குத்தான் வியாழக்கிழமை.

செருப்பு மாறுதது என்ன பெரிய விசயமா, நாம மாத்தாத செருப்பா. கோயில் வாசல்ல ஞாயித்துக்கிழமை ஐந்நூறு சோடி கெடக்கும், ஆராதனை முடிஞ்சு வந்தா எவ செருப்ப எவ போட்டுக்கிட்டுப் போறான்னு யாருக்குத் தெரியும். நாசரேத்துக் கல்யாணத்துல நானே ஒரு டாக்டரம்மா செருப்பப் போட்டுட்டு இறங்கிருக்கேன், ஆனா மூணாவது எட்டுலயே காலு சொல்லிட்டு, இது ஒன்னுது இல்ல மூதேவின்னு. ஓடிப் போய் மாத்திட்டேன். அதான் வித்தியாசம். மூணு வாரத்துக்கு முன்னால கோமதி வந்துட்டுப் போனப்பொறவு கீழ போய் பாக்கேன், அவ செருப்புல ஒண்ணு கெடக்கு, எங்க வீட்டு அவிய ரப்பர் செருப்புல ஒண்ணக் காணும். ஒம்பதாம் நம்பர் செருப்பு, அவ காலுக்குப் பரிசல் மாதிரி இருக்கும். இவிய ஒத்தச் செருப்போட நின்னு திட்டுனாவ. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எந்த நெனப்புல போறா பாரு, ஏதோ பையன் மாட்டிருக்கான்னு நெனச்சேன். அவ அப்படியே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, பஸ் ஏறி, எறங்கி, ஹாஸ்டல் மாடி ஏறிப் போயிருக்கா. கூட இருக்க பிள்ளை சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு. மறுநாள் போன்ல சொல்லிச் சிரிச்சா, நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் எதுக்குச் சிரிச்சோம்? அவளுக்கு அப்பமே பயம் வந்திருக்கும். சிரிச்சாப் பயம் போயிரும்னு பாத்திருப்பா. போன வாரம் வந்தப்பம் படியில கைய ஊனி ஊனி ஏறுனா, இடுப்புல டாக்டர் குடுத்த பெல்ட்டக் காட்டுனா. முதுகெலும்புல ஏதோ இருக்காம்க்கா, ஸ்கேன்லயும் ஒண்ணும் தெரியல, அடுத்த மாசம் வரச் சொல்லிருக்காங்கன்னா. தைலம் தேய்ட்டின்னு சொன்னேன், ஆக்கங்கெட்டவ. சொல்லிட்டு நாலு பெட்டிய எடுத்துக் குடுத்தேன்.

எங் காலும் மரத்துப் போச்சு. ஒரே எடத்துல உக்காந்தா இப்படித்தான், இடது காலு கட்டையாக் கெடக்கு. கிள்ளிப் பாக்கேன், வேற யாரையோ கிள்ளுத மாதிரி இருக்கு. எந்திரிச்சு ரெண்டு தட்டு தட்டினேன். இன்னா வருது, எறும்பு ஊருத மாதிரி குறுகுறுன்னு, வலிக்கு, ஆண்டவரே நல்லா வலிக்கு. வலிக்கட்டும். அவளுக்கு இந்த எறும்பு வராது. எத்தனை தட்டு தட்டினாலும் வராது. இருவத்திமூணு வயசு. அவ ஹாஸ்டல் ரூம்ல கட்டில்ல உக்காந்துக்கிட்டு காலத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருப்பாளான்னு நெனைச்சா எனக்குத் தாங்கல. போன எடுத்து நம்பரப் போட்டேன். ஒரு தடவ மணி அடிக்கையிலேயே கட் பண்ணிட்டேன். என்னத்தச் சொல்ல? வராதட்டின்னு சொல்லவா? வராட்டா எங்க போவா, பாலத்துக்கு அங்கிட்டு இருக்க கடைக்குப் போவா, அவனும் இன்னைக்குத் தள்ளி விட்டுக்கிட்டுத்தான இருக்கான். வான்னு சொல்லவா? வந்தா?

அந்தக் கேஸு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஜெரின் பொறக்கையில மிஷன் ஆஸ்பத்திரியில மூக்குல மூடி வெச்சாவ, இழுத்து மூச்சு விடுங்கன்னாவ. இதே கேஸு, பிராணவாயு கலந்து குடுப்பாவளாம், ஆபீசரம்மா சொல்லித்தான் தெரியும். ரெண்டு இழு இழுத்தேன். வலி போகல. வலி அங்ஙனயேதான் நின்னுச்சு, ஆனா அது பக்கத்துக் கட்டில்காரி வலி. எனக்கும் அதுக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் இல்ல. பாவம் அவளுக்கு என்னமா வலிக்குன்னு நான் பரிதாபப்பட்டுக்கிட்டு கெடந்தேன். அது மாதிரி ஒரு சொகம் அதுக்கு முன்னாலயும் இல்ல, பொறவும் இல்ல. போதும்னு நர்ஸு மூடிய எடுத்தப்பம் நான் பேசுன பேச்சு, எங்க அம்மா கேட்டிருந்தா நாக்க அறுத்திருப்பா. அதக் குடுடி, குடுடின்னு நர்ஸு கையப் பிடிச்சு இழுத்தேன். அன்னைக்கு அந்த மூடி என் வீட்டு அலமாரியில, நெனைச்ச நேரம் எடுக்குத மாதிரி இருந்திருந்தா நான் விட்டிருப்பேனா? கோமதி எந்த வலியத் தூக்கிப் பக்கத்துக் கட்டில்ல போடுதா? ஒரு தடவ சொன்னா. கார்த்திகையில. நிச்சயம் பண்ணி நின்னு போச்சுக்கா, அதுல இருந்து அம்மா எங்கிட்ட சரியாப் பேசமாட்டேங்கான்னா. அவ சொன்னப்பம் என் கையில டூட்டி ஃப்ரூட்டி இருந்துச்சு. எல்லாம் சரியாப் போயிரும்டின்னு சொல்லிட்டு, டூட்டி ஃப்ரூட்டி கேக்குக்குள்ள அடியில எறங்காம இருக்க மாவுல பெரட்டிப் போடணும்னு சொல்லிக் குடுத்தேன். அவளும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா. பொறவு ரெண்டு பெட்டி, நாலு பெட்டின்னு ஆச்சு. நான் ஒரு வார்த்தை என்னட்டி ஆச்சுன்னு கேட்டிருக்கலாம். எட்டு மாசத்துல எத்தனை தடவ கேட்டிருக்கலாம். வெக்கமா இருக்கு எனக்கு.

கரண்டு வந்துட்டு. காயிதம் பறக்கப் பாக்கு. பிடிச்சு, ஏட்ட எடுத்துப் போட்டுட்டு, பசையத் தடவி, தொறந்து கெடக்க கண்ணாடிக் கதவுலேயே ஒட்டிட்டேன். கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு, போட்டும். இதுக்கா ரெண்டு மணி நேரம் பயந்தேன். காயிதம் ஒட்டுதது ஒரு பெரிய காரியமே இல்ல. குப்பி குடுக்க மாட்டேன்னு சொல்லுததும் பெருசு இல்ல. ஆறு பெட்டியையும் உடைச்சு ஓடையில போட்டாலும் அவ காலு வராது, டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் வரும். டாக்டருக்கு யாரு சொல்லுவா? அவ சொல்ல மாட்டா. சொல்லுததா இருந்தா பெல்ட்டுக் கட்டிக்கிட்டு அலைய மாட்டா. அவள விட்டா இது தெரிஞ்ச ஆளு இந்த ஊருல நான் ஒருத்திதான். வாரத்துக்கு எத்தனை, எப்பம் இருந்து, எப்பம் கூடுச்சு, எல்லாம் எனக்குத் தெரியும். நான் போய்ச் சொன்னா, நீ ஏம்மா குடுத்தன்னு கேப்பாவ. கேப்பாவல்லா. போலீசு வருமோ? சட்டம் நாளைக்குத்தானன்னு இவிய சொல்லுவாவ. சட்டம் எப்பமும் இருக்கட்டும். ஹெப்சி கடையில வாங்கித்தான் ஒரு பிள்ளைக்குக் காலு போச்சுன்னு கோயில் வாசல்ல பேசுவாவ, மரியசெல்வம் டீச்சர் மொத ஆளாப் பேசுவா, பேசட்டும், அவளுக்கு அந்தப் பாத்தியதை இருக்கு. பயமாத்தான் இருக்கு. பொய் சொல்லக் கூடாதுல்லா, நல்ல பயமா இருக்கு. ஆனா திங்கக்கிழமையில இருந்து நான் பயந்து பயந்து மூணு நாளு போயிட்டு. நாளு போச்சுன்னான்னு அந்தம்மா சொன்னால்லா, அந்த நாளுல மூணு என் கணக்கு. பயந்துக்கிட்டே போனா என்ன, பயம் காலப் பிடிச்சா இழுக்கப் போகுது.

மூணே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்னுச்சு. ஆளு எறங்கல. எட்டிப் பாத்தேன். உள்ள இருந்து கைய ஆட்டுதா. அக்கா, படி ஏற முடியல, இங்கேயே கொண்டாந்து தாங்களேன்னு சத்தம் குடுக்கா, சிரிச்ச மொகமாத்தான். நான் உள்ள போய் இவியள எழுப்பினேன். கடையப் பாத்துக்கிடுங்க, நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்னேன். சாரத்த இறுக்கிக்கிட்டே யாருக்கு என்னன்னு பதறுனாவ. நான் வித்த குப்பியால அந்தக் கோமதிப் பிள்ளைக்குக் காலு போகுது, டாக்டர்ட்ட போய்ச் சொல்லணும்னேன். நாளைக்குத்தானன்னு ஆரம்பிச்சாவ. என் மொகத்தப் பாத்துட்டு நிறுத்திட்டாவ. சட்டைப்பையில இருந்து கொஞ்சம் ரூவாய எடுத்து என் கையில வெச்சு, ஊசி மருந்து ஏதும் வெளிய வாங்கச் சொன்னா வாங்குன்னாவ. முப்பது வருசத்துல இந்த மனுசனை எனக்கு இன்னைக்குத்தான் பிடிச்சிருக்குன்னு தோணுச்சு, அதச் சொல்ல நேரம் இல்ல. அலமாரியத் தொறந்து ஒரே ஒரு பெட்டிய எடுத்துத் துணிப்பையில போட்டுக்கிட்டு படி எறங்கினேன்.

ஆட்டோவுல ஏறி அவ பக்கத்துல உக்காந்தேன். நீங்க எங்கக்கா வாறியன்னு கேட்டுக்கிட்டே அவ பையத்தான் வாங்கினா. வாங்கித் தூக்கிப் பாத்தா.

"ஒண்ணுதானாக்கா இருக்கு? மிச்சம்?"

"டாக்டர்ட்ட காட்ட ஒண்ணு போதும்டி."

அவ பைய மடியில வெச்சு ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டா. நான் அவட்ட எல்லாத்தையும் சொன்னேன், ஆபீசரம்மா சொன்னது, நரம்பு, வைட்டமின், ஊசி இருக்குங்கது, பெல்ட்டு கட்டி ஒரு பிரயோசனமும் இல்லங்கது. நீ ஒண்ணும் சொல்லாண்டாம், எட்டு மாசக் கதையும் எனக்குத் தெரியும், நானே டாக்டர்ட்ட சொல்லுதேன், களக்காட்டுக்கும் நானே போன் பண்ணுதேன், அம்மா திட்டுனா என்னையத் திட்டட்டும்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. பொறவு என்னைய நேருக்கு நேரா பாத்தா. எட்டு மாசமா ஸ்டூல்ல உக்காந்து தலைய ஆட்டிக்கிட்டு இருந்த பிள்ளை அப்படி ஒரு தடவ கூடப் பாத்ததில்ல.

"அப்பம் பெட்டி எடுத்துக் குடுக்கையில உங்களுக்குத் தெரியாதாக்கா? நெசமாத் தெரியாதா?"

"தெரிஞ்சுச்சுட்டி. தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா. அழுவான்னு பாத்தேன், அழல. எறங்கிருவாளோன்னு பயந்தேன், எறங்க அவளால முடியாதுன்னு அப்பந்தான் உறைச்சுச்சு. ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். எங்கம்மா போகணும், ஆஸ்பத்திரிக்கா, வந்த ஹாஸ்டலுக்கான்னு கேட்டான். அவதான் சொல்லணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்கேன்னா, சத்தமே இல்லாம. அவன் வண்டிய முறுக்கினான்.

"அண்ணே, செத்த இருங்க"ன்னா கோமதி. பொறவு என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, எங் காலு ரெண்டும் உள்ள இருக்கா, பாருங்க."

குனிஞ்சு பாத்தேன். ஒரு காலு வெளிய, தார் ரோட்டுச் சூட்டுல கெடந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள வெச்சு, விலகாம இருக்க எங் காலால அணை குடுத்துக்கிட்டு, இருக்கு, எடுப்பான்னேன்.